ஆச்சியை வேறு வைத்த கதை

கோயம்புத்தூர்க்காரனான எனக்குத் திருச்சியைத் தாண்டினாலே வெளிநாடுதான். பேச்சு மாறிவிடும். குழம்பில் தேங்காய் ஒதுங்கி மிளகாய் முன்னுக்கு வரும். குடிக்கிற தண்ணீர் சிறுவாணியாக இருக்காது. அதை அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லாமல் இருக்க நாம் படும் பாடு தனி. இத்தனைக்கும் துணிந்து நான் காரைக்குடிப் பக்கம் போனதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு.

"உடனே கெளம்பி வாய்யா. உமையாள் வேற போறேங்குறா."

பேசியது சொக்கலிங்கம். வங்கியில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன். இருவரும் ஒன்றாகவே விருப்ப ஓய்வு வாங்கினோம். அவன் தன் மனைவி உமையாளோடு பூர்வீக வீடு இருக்கும் அமராவதிபுதூருக்குப் போனான். நான் வீட்டிலேயே உட்கார்ந்து நகைச்சுவைக் கட்டுரை எழுத ஆரம்பித்தேன். இருவரில் யார் எடுத்தது தவறான முடிவு என்பது இன்னும் தெளிவாகவில்லை.

"இந்த வயசுல விவாகரத்தா?" என்றேன்.

"வீட்டை விட்டு இல்லைய்யா. வீட்டுக்குள்ளயே வேற போறாளாம். பங்காளிகள்லாம் வர்றதுக்குள்ள நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. நீதான் பெண்ணியமெல்லாம் படிச்சவன்."

அது உண்மைதான். மார்ச் மாதம் எனக்குச் சால்வை சீசன். மகளிர் தினத்துக்கு மகளிர் யாரும் கிடைக்காத கல்லூரிகள் என்னைக் கூப்பிடும். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: 'பெண்ணுடலும் சமூக விதிகளும்'. அதற்காகக் கனமான புத்தகங்களைத் தவணை முறையில் படித்திருக்கிறேன். அந்தப் பேச்சுக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையை இஸ்திரி போட்டுத் தருவது என் மனைவி.

பயணத்தின் முதல் சாதனை, அமராவதிபுதூரில் இறங்காமல் தூங்கியபடியே தேவகோட்டை வரை போனது. நடத்துநரிடம் நியாயம் கேட்டேன்.

"எழுப்புனமே சார். நீங்கதான் 'அஞ்சு நிமிசம்'னு சொல்லித் திரும்பிப் படுத்தீக."

திரும்பி வர டவுன் பஸ். மூன்று பேர் இருக்கையில் நடுவே நான். இடப்பக்கம் ஒரு அம்மா, வலப்பக்கம் ஒரு பெரியவர். பெரியவரின் முழங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் சுற்றுலா போயிருந்தன. அந்த அம்மாவோ, பையோடு சேர்த்துத் தன்னையும் மடித்து மடியில் வைத்துக்கொண்டவர்போல ஜன்னலோரம் ஒட்டியிருந்தார். ஆண் உடம்பு இடத்தை எடுத்துக்கொள்ளப் பழகுகிறது, பெண் உடம்பு இடத்தை விட்டுத்தரப் பழகுகிறது என்று மேடையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒரு முறை செய்து பார்ப்போமே என்று முழங்கால் இரண்டையும் ஒட்டவைத்து உட்கார்ந்தேன். ஆராவயல் தாண்டுவதற்குள் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அந்த அம்மா கவலையோடு கேட்டார்: "ஒண்ணுக்கு வருதா தம்பி? நிப்பாட்டச் சொல்லவா?"

சொக்குவின் வீடு, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வகை. முன்னால் ஆண்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்த முகப்பு. அதற்குப் பின்னால் திறந்த முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக வளவு. அதற்கும் பின்னால் சாப்பாட்டுக் கூடம். கடைசியில் அடுப்படிகள். ஆமாம், பன்மைதான். வீட்டில் பாதி சொக்குவுக்கு, பாதி அவன் பங்காளி லெட்சுமணனுக்கு. லெட்சுமணனும் அவர் மனைவி வள்ளியம்மையும் எதிர்ப்பக்கத்து அறைகளில் இருக்கிறார்கள். மற்ற அறைகளில் பூட்டுகள் இருக்கின்றன.

"வாங்கண்ணே. தேவகோட்டையெல்லாம் சுத்திப் பாத்துட்டு வாரீகளாமே?" என்று வரவேற்றார் உமையாள் ஆச்சி; இந்தப் பக்கம் கல்யாணமான பெண்கள் எல்லாருமே ஆச்சிதான். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

இலையில் வெள்ளைப் பணியாரம் விழுந்தது. ஓரம் மொறுமொறு, நடு பஞ்சு. பக்கத்தில் ஒரு மிளகாய்ச் சட்னி. கண்ணில் தண்ணீர் வந்தது, நன்றியினால் என்று சொல்லிச் சமாளித்தேன். சொக்கு சாப்பிட்டான், நான் சாப்பிட்டேன், ஆச்சி நின்றார். மேடைப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: "நீங்க சாப்பிடலையா ஆச்சி?"

"அதைத்தாண்ணே நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். வயிற்றில் எரிச்சல் என்று காரைக்குடியில் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார்.

"சின்னப் பொண்ணுண்ணே. பசிச்சாச் சாப்பிடுங்கம்மா, பசிக்கலைன்னா விட்டுருங்கன்னுச்சு. பசிக்குதுன்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். சிரிச்சுருச்சு. எனக்குச் சிரிப்பு வரலை. வீடு வர்ற வரைக்கும் யோசிச்சுப் பாக்குறேன், எனக்கு எப்பப் பசிக்கும்னே தெரியலை. சின்னதுல அப்பச்சி, எங்க அப்பா, சாப்பிட்டு எந்திரிச்சப்புறம். கல்யாணமானப்புறம் இவுக சாப்பிட்டு எந்திரிச்சப்புறம். மகன் பிறந்தப்புறம் அவன் மிச்சம் வச்சப்ப. வயிறு கூப்பிட்டுத்தான் இருக்கும். நான்தான் கேக்கலை."

"இதுல என்ன இருக்கு? பசிச்சா முன்னாலயே சாப்பிட வேண்டியதுதானே. உன் கையை யாரு பிடிச்சா?" என்றான் சொக்கு.

"யாரும் பிடிக்கலை. அதுதான் சங்கடமே. பிடிச்சிருந்தா விடுங்கன்னு சொல்லலாம்."

நான் பணியாரத்தை மெல்வதை நிறுத்தினேன். மூன்று அத்தியாயம் படித்தும் எனக்குப் பிடிபடாத இடம் அது. விதி வெளியில் காவல் நின்றால் அதனோடு சண்டை போடலாம். அது உள்ளே வந்து நம் கையாகவே ஆகிவிட்டால் யாரோடு சண்டை போடுவது?

ஆச்சி தொடர்ந்தார். "இவுகளுக்குன்னு சமைச்ச சோறு அடுப்புல இருக்கையில என் கை அதுல போகமாட்டேங்குதுண்ணே. போய்ப் பாத்தேன், போகலை. எனக்குன்னு ஒரு அடுப்பு, எனக்குன்னு ஒரு உலை இருந்தாத்தான் போகும். கல்யாணமாயி வந்த வருசமே மாமியா எங்களை வேற வச்சாக. அடுப்பு, பாத்திரம், ஒரு வருசத்துக்கு அரிசி, பருப்பு, புளி எல்லாம் குடுத்து, பங்காளிகளைக் கூப்பிட்டு, பால் காய்ச்சி. அது இங்க முறை. அதே மாதிரி என்னைய வேற வைங்கங்குறேன்."

இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே கூரையின் கீழ் அவனுக்கும் மருமகளுக்கும் தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் கோபமும் இல்லை, பிரிவும் இல்லை. எங்கள் ஊரில் அடுப்பு பிரிந்தால் அடுத்தது வக்கீல். இங்கே அடுப்பு பிரிந்தால் அடுத்தது பாயசம். ஆனால் இதுவரை யாரும் ஒரு மனைவியைக் கணவனிடமிருந்து வேறு வைத்ததில்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது என்று உமையாள் ஆச்சிக்குத்தான் தோன்றியிருக்கிறது.

சொக்கு என்னை முகப்புக்குத் தள்ளிக்கொண்டு போனான். "தனியா சமைச்சுக்க, தனியா சாப்பிட்டுக்கன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்யா. ஆனா நாலு பேரு முன்னால பால் காய்ச்சணுமாம். ஊருக்குச் சொல்லணுமாம். என் மானம் என்னாகுறது? உன் கட்டுரையெல்லாம் படிச்சுத்தான் இவ இப்படி ஆயிட்டா."

ஆச்சிக்குக் காது கூர்மை. உள்ளேயிருந்து குரல் வந்தது: "அண்ணன் கட்டுரையிலயா? அதுல ஒண்ணும் இருக்காதே. சிரிச்சுட்டு மடிச்சு வச்சிருவேன்."

மாலையில் மனைவி கூப்பிட்டாள். "சாப்டீங்களா?" என்றாள் வழக்கம்போல. நான் வழக்கத்தை மீறி, "நீ சாப்டியா?" என்றேன். அவள் பதறிப்போய்க் கேட்டாள்: "ஏனுங்க, உடம்புக்கு ஏதாவது செய்யுதுங்களா?"

மறுநாள் சொக்கு என்னை ஸ்கூட்டரில் அவர்கள் குடும்பம் சேர்ந்த இளையாத்தங்குடிக் கோவிலுக்கு அழைத்துப்போனான். சாமி முன்னால் வைத்து என்னைத் தன் கட்சியில் சேர்த்துக்கொள்வது திட்டம். அங்கே அவன் ஒரு கணக்கு சொன்னான். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் கோவிலுக்கு ஒரு புள்ளி. வரி, மரியாதை எல்லாம் புள்ளிக் கணக்கில்தான்.

"ஆச்சி?" என்றேன்.

"அவளும் சேந்துதான் அந்தப் புள்ளி."

"ஒரு புள்ளிக்குள்ள ரெண்டு பேருன்னா இடநெருக்கடிதான்."

அவன் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் ஸ்கூட்டர் பஞ்சர். முன்னால் அவன் தள்ள, பின்னால் நான் தள்ள, இரண்டு பக்கமும் கருவேலங்காடு. வெயில் எங்களைப் பாரபட்சமில்லாமல் கவனித்துக்கொண்டது. ஒருவழியாக ஒரு ஊர் வந்தது. பஞ்சர் ஒட்டும் கடைக்கு எதிரே விடுதியாகிவிட்ட ஒரு பெரிய வீடு. பிரெஞ்சுக்காரர்கள் சிலருக்கு வழிகாட்டி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். "முன்பகுதி ஆண்களுக்கு. பின்பகுதி பெண்களுக்கு. அந்தக் காலத்தில் பெண்கள் இந்தக் கதவைத் தாண்டி முன்னால் வரமாட்டார்கள்."

தொப்பி போட்ட ஒரு பெண்மணி கேட்டார்: "இப்போது?"

"இப்போது எல்லாரும் சென்னையில் இருக்கிறார்கள், மேடம்."

நிழலில் நின்றபடி என் சமரசத் திட்டத்தைச் சொன்னேன். தனி அடுப்பு வைத்துவிடுவது, பங்காளிகளுக்குச் சொல்லாமல் விடுவது. ஐக்கிய நாடுகள் சபையே பாராட்டியிருக்கும் திட்டம். அவன் ஏற்கெனவே சொன்னதுதான் அது என்பதால் சொக்கு உடனே ஒப்புக்கொண்டான். வீட்டுக்குப் போய் ஆச்சியிடம் நானே சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சொல்லாமச் செஞ்சா அது சண்டைண்ணே. சொல்லிச் செஞ்சாத்தான் அது முறை," என்றார். "மூலையில ஒரு அடுப்பை வச்சு ஒளிஞ்சுக்கிட்டுச் சாப்பிடவா? அதுக்கு இப்படியே இருந்துட்டுப் போறேன். வர்ற படைப்புக்குப் பங்காளிக எல்லாரும் வருவாக, போவாக. அதுக்குள்ள முடியலைன்னா விட்டுருங்க. இன்னொரு தடவை கேக்கமாட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். கீரைத் தண்டைக் கிள்ளும் வேகம்கூட மாறவில்லை. சொக்குவின் முகம்தான் மாறியது. வெளியே வந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னான்: "சண்டை போட்டாத் தாங்கிருவேன்யா. கேக்கவேமாட்டேன்னு சொல்றா பாரு. அவ அப்படிச் சொன்னா அவ்வளவுதான். செத்தாலும் கேக்கமாட்டா."

அன்றைக்குக் கீரை மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் புளிப்பும் காரமுமாக வைப்பது. எனக்குப் பிடித்ததுதான். ஆனாலும் ஆச்சி நின்று பரிமாற, நான் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தேன்.

படைப்பு என்பது முன்னோர்களுக்குச் சமைத்துப் படைத்துவிட்டுப் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது. முதல் நாளே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சென்னையிலிருந்து கார், பெங்களூரிலிருந்து கார். பூட்டுகள் திறந்து, பூட்டிய அறைகளுக்குள் இருந்த வௌவால்களும் வெளியே இருந்த உறவினர்களும் ஒரே நேரத்தில் இடம் மாறினார்கள். வளவில் பாய் விரித்து எல்லாருக்கும் காபி.

லெட்சுமணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதிர்ப்பக்கத்திலேயே குடியிருப்பவர். சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, அவருக்கு இரண்டு உண்டு. கண்ணைச் சிமிட்டி, "வீட்டு விசயம் எங்களுக்குத் தெரியாதா சார்? அண்ணன் வாயால வரட்டும்னு பேசாம இருக்கோம்," என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. எல்லாருக்கும் தெரியுமா! இதற்காகவா இத்தனை ரகசியம்? ஒரு நாகரிகமான வெளியூர்க்காரன் தொடங்கி வைத்தால் சொக்குவுக்குச் சுலபமாக இருக்கும் என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் இப்படி நான் முடிவு செய்த தருணங்களைத் தொகுத்தால் அதுவே ஒரு புத்தகம் ஆகும்.

"சொக்கு, புது அடுப்புக்கு என்னைக்குப் பால் காய்ச்சுறீங்க?" என்றேன், வளவு முழுவதும் கேட்கும்படி.

காபி டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. லெட்சுமணன் எழுந்தே விட்டார். "அண்ணே! மகனை வேற வைக்கிறீகளா? அண்ணாமலை வாரானா?"

அவ்வளவுதான், வளவு பொங்கிவிட்டது. புது அடுப்பு என்றால் கல்யாணமான மகனுக்குத்தான். வேறு யாருக்கும் இருக்க முடியும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றாது. சொக்குவின் ஒரே மகன் அண்ணாமலை கனடாவில் இருக்கிறான். அவன் மனைவியோடு ஊருக்கே வந்துவிடப் போகிறான் என்று நிமிடத்தில் முடிவாயிற்று. லெட்சுமணன் இத்தனை நாளாகச் சந்தேகப்பட்டதும் அதைத்தானாம். சொக்கு மாடி அறையைச் சுத்தம் செய்ததைப் பார்த்தாராம். அந்த அறை எனக்காகச் சுத்தம் செய்தது.

"கனடாக்காரன் திரும்பிட்டான்னா இந்த வீட்டுக்கே விடிஞ்சிரும்!" என்றார் ஒரு சித்தப்பா. "அந்தப் பொண்ணு இங்க இருக்குமா? அங்க வளந்த பொண்ணாச்சே," என்றார் வேறொருவர். "அதெல்லாம் ஏசி போட்டுக்கலாம்." ஒரு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். லெட்சுமணனின் கையில் போன் வந்துவிட்டது. "இருங்க, அவன்ட்டயே பேசிருவோம். வீடியோ போடுறேன்."

"அங்க இன்னும் விடியலைப்பா," என்றான் சொக்கு. குரல் எங்கேயோ போயிருந்தது.

"நல்ல சேதிக்கு விடியணுமா என்ன?"

போன் அடிக்கும் சத்தம் வளவில் கேட்டது. சொக்கு என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். பிறகு கூடத்து வாசலைப் பார்த்தான். அங்கே ஆச்சி காபித் தட்டோடு நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, கண்ணால்கூடக் கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று சொன்னவர் கேட்கவே இல்லை. அதுதான் சொக்குவை எழுப்பியது என்று நினைக்கிறேன். எழுந்துபோய் லெட்சுமணனின் போனை வாங்கி அணைத்தான்.

"மகனுக்கு இல்லப்பா. உமையாளுக்கு."

யாருக்கும் புரியவில்லை.

"உமையாளைத்தான் வேற வைக்கிறேன். அவளுக்குத் தனி அடுப்பு. படைப்பு முடிஞ்ச மறுநாள் பால் காய்ச்சுறோம். எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

லெட்சுமணன்தான் முதலில் மீண்டார். "என்னண்ணே இது, புருசன் பொண்டாட்டிக்குள்ள வேற வைக்கிறதாவது? ஊரு சிரிக்காதா? எதும் சண்டைன்னாச் சொல்லுங்க, பேசித் தீத்துக்கலாம்."

"சண்டை இல்லை தம்பி," என்றார் ஆச்சி. தட்டைக் கீழே வைத்தார். "சண்டைன்னா உங்க எல்லாரையும் எதுக்குக் கூப்பிடப்போறோம்? எனக்கு எப்பப் பசிக்குதுன்னு பாக்கணும். வேற ஒண்ணும் இல்லை."

சட்டம், சாத்திரம், கௌரவம் எதிலும் இதற்கு எதிராக ஒரு வரி இருந்ததாகத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து லெட்சுமணனின் மனைவி வள்ளியம்மை கேட்டார்: "ஆச்சி, அடுப்பை எங்குட்டு வைக்கப் போறீக?"

"சின்ன அடுப்படியிலதான். கிழக்குச் சுவரோரமா."

"அங்குட்டுப் புகை போகாதே."

"கேஸ்தானே, புகை என்ன புகை?" என்றார் பெங்களூர் அத்தை. "ஆனா நின்னு சமைக்கிற மாதிரி மேடை போட்டுக்கங்க. குனிஞ்சு குனிஞ்சு நம்ம இடுப்பு போனது போதும்."

"மேடைன்னா ஜன்னலை மறைக்கும்ல?" என்றார் சித்தப்பா, தன்னை அறியாமல்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஒரு விஷயத்தை ஊர் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் ஆசீர்வாதம் இல்லை. அடுப்பு எந்தச் சுவரோரம் இருக்க வேண்டும் என்ற தகராறுதான். அது சாப்பாடு வரைக்கும் நடந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் லெட்சுமணன் தன் மனைவியிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. "நீயும் இப்படிக் கெளம்பிருவியா?"

"எனக்கு எதுக்கு?" என்றார் வள்ளியம்மை. "நான் எப்பவும் முன்னாலயே சாப்பிட்டுட்டுத்தான் உங்களுக்குப் போடுறேன். இத்தனை வருசமா உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

லெட்சுமணன் அன்றைக்கு இரண்டாவது முறை சோறு கேட்கவில்லை.

படைப்பு முடிந்த அன்று மாலை சொக்கு என்னைக் காரைக்குடிக்கு இழுத்துப்போனான். வேறு வைப்பது என்றால் வெறும் அடுப்பு மட்டும் இல்லை. பாத்திரம், பண்டம் என்று ஒரு குடித்தனத்துக்கு வேண்டியதெல்லாம் மாமியார் வாங்கிக் கொடுக்க வேண்டும். மாமியார் இப்போது இல்லை. எனவே அந்தப் பொறுப்பு சொக்குவிடம் வந்து சேர்ந்தது. மனைவிக்குத் தானே மாமியாரான ஒரு மனிதனை அன்றுதான் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, பதவி அவனுக்குப் பொருந்தியது. குக்கரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். தோசைக்கல்லின் கனம் போதாது என்று திருப்பிக் கொடுத்தான்.

பாத்திரக் கடைக்காரர் கேட்டார்: "பொண்ணுக்குச் சீரா அண்ணே?"

"இல்லை. பொண்டாட்டிக்கு."

கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ரெண்டாவதுங்களா?" என்றார்.

"மொதலாவதுதான்யா. இருக்குறதே ஒண்ணு."

மளிகைக் கடையில் இன்னொரு சிக்கல். "ஒரு ஆளுக்கு ஒரு வருசத்துக்கு உப்பு எவ்வளவு ஆகும்?" என்று சொக்கு கேட்டான். கடைக்காரருக்குத் தெரியவில்லை. குடும்பத்துக்கு எவ்வளவு, கல்யாணத்துக்கு எவ்வளவு என்று ஒப்பிக்கிறார். ஒரு பெண்மணி தனியாக எவ்வளவு சாப்பிடுவார் என்று இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லையாம். சொக்கு எனக்குத் தெரியுமா என்று பார்த்தான். நான் வத்தல் மூட்டையைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் பால் பொங்கியது. பங்காளிகள் சூழ நின்றார்கள். பாயசம் வந்தது. 'எங்கள் ஆச்சி வேறு போனார்கள்' என்று யாரோ படம் எடுத்துக் கனடாவுக்கும் அனுப்பினார்கள். அண்ணாமலையிடமிருந்து வந்த பதில்: "அப்பாவுக்குச் சமைக்கத் தெரியுமா?" நியாயமான கேள்வி. அன்றைய மதியச் சாப்பாட்டில் அதற்கு விடை கிடைத்தது. சோறு மேலே அரிசியாகவும் கீழே கரியாகவும் நடுவில் கஞ்சியாகவும் இருந்தது. விருந்தாளி என்பதால் நடு எனக்கு.

ஆச்சியின் அடுப்படியில் சமையல் சத்தமே இல்லை. அவர் காத்திருந்தார். விடைபெற்றுக்கொள்ள வந்த ஒவ்வொருவரும் எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சி, வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கூரியருக்குக் காத்திருப்பதுபோல இருந்தது. நாங்கள் சாப்பிட்டு எழுந்த சமயம் அவர் வயிறு லேசாகச் சத்தம் போட்டது. எனக்கே கேட்டது. சொக்கு ஆவலோடு எழுந்தான்.

"இது பசி இல்லை," என்றார் ஆச்சி, நன்றாகக் கவனித்துப் பார்த்துவிட்டு. "நீங்க கை கழுவுற சத்தம் கேட்டுச்சுல்ல, அதுக்கு வந்தது."

அன்று மாலை நாங்கள் பயந்துபோய்க் கெஞ்சியதால் கொஞ்சம் கஞ்சி குடித்தார். பசியில் குடிக்கவில்லை, எங்கள் முகத்துக்காகக் குடித்தார். சொக்குவுக்குத் தாங்கவில்லை. "பசின்னு ஒண்ணு அவளுக்கு வராமலே போயிட்டா என்னய்யா செய்றது?" என்றான். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. உடம்பைச் சமூகம் எப்படிப் பழக்குகிறது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. பழகிய உடம்பு எப்போது திரும்பி வரும் என்பதற்கு மட்டும் யாரும் தேதி போடவில்லை.

நான் புறப்பட வேண்டிய நாள். படைப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் போயிருந்தார்கள். பூட்டுகள் மறுபடி தொங்கின. காலைப் பலகாரமெல்லாம் முடிந்து, மதியத்துக்கு இன்னும் நேரம் இருந்த பொழுது. எந்த வீட்டிலும் யாரும் சாப்பிடாத நேரம். ஆச்சி வளவில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சொக்கு காய் நறுக்கிக்கொண்டிருந்தான். அதாவது கத்திரிக்காய்க்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஆச்சி படித்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து தலையைத் தூக்கினார். வாசலில் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு தன்னைக் குனிந்து பார்த்தார்.

"வந்துருச்சு," என்றார்.

சொக்கு கத்தியோடு எழுந்து நின்றான். "நெசமாவா?"

"பேசாதீக. போயிரும்."

விறுவிறுவென்று தன் அடுப்படிக்குப் போனார். புதுத் தோசைக்கல் அடுப்பில் ஏறியது. மாவு ஊற்றும் சத்தம், எண்ணெய் சுற்றும் சத்தம், பிறகு அந்த வாசனை. நாங்கள் இருவரும் வாசற்படியோரம் நின்றோம், உள்ளே போக உரிமை இல்லாதவர்களாக. தோசை வெந்ததும் ஆச்சி அதைத் தட்டில் போட்டார். பழக்கத்தில் தட்டோடு எங்கள் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்துவிட்டார். "அண்ணே, உங்களுக்கு..." என்று ஆரம்பித்தவர், நின்று, "இல்லை. நீங்க அங்குட்டு உங்க அடுப்புல பாத்துக்கங்க," என்றார்.

வாழ்க்கையில் எந்த வீட்டிலும் எனக்குத் தோசை மறுக்கப்பட்டதில்லை. இவ்வளவு நிம்மதியாகவும் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

அவர் அடுப்போரம் தரையில் உட்கார்ந்து, கல்லிலிருந்து எடுத்த முதல் தோசையைச் சூடு ஆறுவதற்குள் பிய்த்துச் சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. அவசரத்தில் அதைச் செய்யவில்லை போலிருக்கிறது. எழுந்து இரண்டாவது ஊற்றினார். அதையும் சாப்பிட்டார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

சொக்கு என் கையை லேசாகத் தொட்டான். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. அவன் அந்தப் பழியை வெங்காயத்தின் மேல் போட்டிருப்பான், ஆனால் நறுக்கியது கத்திரிக்காய்.

"நம்மளும் சாப்பிட்டுருவமா?" என்று கிசுகிசுத்தான்.

"உனக்குப் பசிக்குதா?" என்றேன்.

அவன் வயிற்றில் கை வைத்து யோசித்தான். நெடுநேரம் யோசித்தான். பிறகு கழுத்தைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

நானும் பார்த்தேன்.